டோடோவும் மானும் தாங்கும் கேடயம்

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது மொரீஷியஸ். எரிமலைக் குழம்பு உறைந்து உருவான சின்னத் தீவு. அந்த நாட்டின் அரசுச் சின்னத்தில் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு கேடயம் இருக்கும். நாம் பார்க்கும்போது இடப்பக்கம் ஒரு டோடோ பறவை, வலப்பக்கம் ஒரு மான். இரண்டும் ஆளுக்கொரு கரும்பைப் பிடித்தபடி கேடயத்தைத் தாங்கி நிற்கும். உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இரண்டின் உடம்பும் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. நிறங்கள் சேரும் கோடு நேராக இருக்காது. கோட்டை மதிலின் உச்சி போலப் பல் பல்லாக ஓடும்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1906இல் இந்தச் சின்னம் வந்தது. 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்ற பிறகும் மொரீஷியஸ் மக்கள் இதைக் கைவிடவில்லை. எத்தனையோ நாடுகளின் சின்னங்களில் சிங்கமும் கழுகும் கம்பீரமாக நிற்கின்றன. எனக்கு இந்த டோடோவும் மானும்தான் அவற்றைவிடப் பிடிக்கும். ஒரு தீவின் இயற்கை வரலாறு முழுக்க இந்த இரண்டுக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் டோடோ. பார்க்க வான்கோழி போல இருந்தாலும் அது புறா இனம்! ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு டோடோவின் தலையும் காலும் பாதுகாப்பாக இருக்கின்றன. அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2002இல் விஞ்ஞானிகள் ஒரு முடிவைச் சொன்னார்கள். இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா. ஆமாம், நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில், பச்சை மினுங்கும் இறகோடு தீவுக்குத் தீவு பறக்கிறதே, அதுதான்.

அந்தப் புறா பறக்கிறது. டோடோ ஏன் பறக்கவில்லை? பறப்பது செலவு பிடித்த வேலை. பெரிய நெஞ்சுத் தசை வேண்டும், அதற்குத் தீனி போட நிறையச் சாப்பாடு வேண்டும். எதிரி துரத்தினால் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் மொரீஷியஸில் அன்று பூனை, நரி, கீரி எதுவும் கிடையாது. பாலூட்டி என்று தரையில் நடந்த விலங்கே அங்கே இல்லை, வௌவால்கள் மட்டும்தான். உதிர்ந்த பழங்கள் தரையிலேயே கிடைத்தன. ஆகவே தலைமுறை தலைமுறையாக டோடோவின் சிறகு சுருங்கியது, உடம்பு பெருத்தது. கடைசியில் அது சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள தரைப்பறவை ஆகிவிட்டது.

டோடோவை முட்டாள் பறவை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது அநியாயம். மண்டையோட்டை ஸ்கேன் செய்து பார்த்தபோது, அதன் மூளை உடம்புக்கு ஏற்ற அளவில்தான் இருந்தது, மற்றப் புறாக்களைவிடக் குறைவில்லை. மனிதரைக் கண்டு அது ஓடவில்லை என்பது உண்மை. எதிரியையே பார்த்திராத உயிருக்கு ஓட வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

1598இல் டச்சுக் கப்பல்கள் கரை சேர்ந்தன. மாலுமிகள் டோடோவைப் பிடித்துத் தின்றார்கள்தான். ஆனால் தீவில் தங்கிய மனிதர்கள் கொஞ்சம் பேர். பெரிய நாசத்தைச் செய்தவை கப்பல்களோடு வந்த எலிகள், பன்றிகள், குரங்குகள். டோடோ தரையில்தான் கூடு கட்டியது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை இட்டதாக அந்தக் காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்த ஒற்றை முட்டையும் போனால் அந்த ஆண்டுக்குக் குஞ்சே இல்லை. டோடோவைக் கண்ணால் கண்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டுடையது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வெறும் 64 ஆண்டுகள்!

அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் டோடோ வெறும் கதையாகவே கிடந்தது. அப்படி ஒரு பறவை இருந்ததே இல்லை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். 1865இல் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் மார் ஓ சோஞ்ச் என்ற சதுப்பு நிலத்தில் ஆட்களை இறக்கித் தேட வைத்தார். காலால் சேற்றைத் துழாவத் துழாவ டோடோ எலும்புகள் அகப்பட்டன. இன்று அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோ எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை அந்தச் சேற்றிலிருந்து வந்தவையே.

இப்போது வலப்பக்கத்து மானுக்கு வருவோம். சின்னத்தின் விவரக் குறிப்பு இதைக் கடமான் என்கிறது. தீவில் உண்மையில் மேய்வது அதன் உறவான ஜாவா ரூசா மான். அது மொரீஷியஸின் சொந்த விலங்கு அல்ல. 1639இல் டச்சு ஆளுநர் ஒருவர் ஜாவாவிலிருந்து இறைச்சிக்காகக் கொண்டுவந்து விட்டது. டோடோவும் மானும் பிடித்திருக்கும் கரும்பும் அதே ஆண்டில் அதே ஜாவாவிலிருந்து வந்ததுதான். ஆக, சின்னத்தின் ஒரு பக்கம் தீவிலேயே பிறந்து தீவிலேயே அழிந்த உயிர். மறுபக்கம் கப்பலில் வந்து இறங்கிப் பெருகிய உயிர். மக்களும் அப்படிக் கப்பலில் வந்தவர்கள்தான். கரும்புத் தோட்டங்களில் முதலில் அடிமைகள் உழைத்தார்கள். அடிமை முறை 1835இல் ஒழிந்தது. அதன்பின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் உழைத்தார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கேடயத்தின் கட்டங்களில் ஒரு கப்பல், மூன்று பனை இன மரங்கள், ஒரு சாவி, ஒரு விண்மீன். அடியில் இருக்கும் லத்தீன் வாசகத்துக்கு ‘இந்தியப் பெருங்கடலின் விண்மீனும் திறவுகோலும்’ என்று பொருள். ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்கு வந்த கப்பல்களுக்கு இந்தத் தீவு வழியிலேயே இருந்தது. இது யார் கையில் இருந்ததோ அவர்களிடம் கடல்வழியின் சாவி இருந்தது. நாட்டின் கொடியில் நான்கு பட்டைகள்: சிவப்பு விடுதலைப் போராட்டம், நீலம் கடல், மஞ்சள் விடுதலையின் புது வெளிச்சம், பச்சை வயல்வெளி.

தேசிய மலரைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச ஆசை. 1992 மார்ச் 12 அன்று மொரீஷியஸ் குடியரசானது, அப்போது தேர்ந்தெடுத்த மலர் இது. அறிவியல் பெயர் ட்ரொகேஷியா பூட்டோனியானா. நம் செம்பருத்தியின் குடும்பம். சிவந்த மணி போலத் தொங்குவதால் ஊர்மக்கள் இதைக் காதணி என்றே அழைக்கிறார்கள். இயற்கையாக இது வளர்வது உலகத்திலேயே ஓர் இடத்தில்தான்: தீவின் தென்மேற்கு மூலையில் 556 மீட்டர் உயரமுள்ள லெ மோர்ன் மலை. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்ததும் அதே மலையில்தான்.

இந்தப் பூவின் தேன் சிவப்பு! பூந்தேன் என்றால் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தானே இருக்கும்? உலகில் மிகச் சில செடிகளுக்கே நிறமுள்ள தேன் உண்டு, அவற்றில் சில இந்தக் குட்டித் தீவில் இருக்கின்றன. அங்கே பச்சைப் பசேலென்ற பகல் பல்லிகள் பூக்களில் தேன் நக்கித் திரியும். நக்கும்போது ஒட்டும் மகரந்தத்தை அடுத்த பூவுக்குக் கொண்டுபோகும். ஆய்வாளர்கள் செயற்கைப் பூக்கள் செய்து, சிலவற்றில் நிறமுள்ள தேனும் சிலவற்றில் நிறமற்ற தேனும் வைத்தார்கள். பல்லிகள் நிறமுள்ளதையே நாடின. 2006இல் வெளியான முடிவு இது. ‘இங்கே தேன் இருக்கிறது’ என்று பல்லிக்குக் காட்டும் அடையாளமாக அந்த நிறம் வேலை செய்கிறது.

டோடோ போய்விட்டது. ஆனால் அதே காட்டில் அதன் உறவினம் இன்னும் இருக்கிறது. இளஞ்சிவப்புப் புறா என்று பெயர். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைகள் அளவுக்கே மிஞ்சியிருந்தன. முட்டைகளைத் தின்றவை அதே பழைய எலிகளும் குரங்குகளும். இந்த முறை மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. பறவைகளைக் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள், காட்டில் விட்ட பிறகும் தீனி வைத்தார்கள், கூடுகளைச் சுற்றி எலிகளைப் பிடித்தார்கள். இன்று 400க்கும் மேற்பட்ட இளஞ்சிவப்புப் புறாக்கள் காட்டில் இருக்கின்றன. எலிகளைப் பிடிக்கும் வேலை இன்னமும் நடக்கிறது.