கேட்டு வாங்குவதும் ஒரு தொழில்

திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் எம்மில் பலருக்கு, அரச சார்பற்ற நிறுவனம் என்றதும் வெள்ளை வாகனமும் கொழுத்த சம்பளமும்தான் ஞாபகத்துக்கு வரும். சுனாமிக்குப் பின்னர் 2005இல் அவர்கள் வரிசையாக வந்ததையும் கண்டோம். பிறகு ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டிக்கொண்டு போனதையும் கண்டோம். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, அதை யார் கொண்டுவருகிறார் என்பது கடைத்தெருவில் அதிகம் பேசப்படாத விடயம்.

அதையே தொழிலாகச் செய்யும் ஒரு சகோதரரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. எமது நகரில் இயங்கும் ஒரு சுகாதாரத் தொண்டு நிறுவனத்தில், ‘கிராண்ட்’ எனப்படும் நிதிக்கொடைகளைத் தேடிப் பெற்றுக் கொடுப்பது அவரது வேலை. வரவு செலவுத் திட்டத்தில் போடுவதற்காகக் கடை கடையாக ஏறி விலை விசாரித்துக்கொண்டிருந்தவர், தேநீர் குடிக்கும் நண்பரானார். தன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம் என்றார். அதற்கு மதிப்பளித்து, வியாபாரிகளுக்குப் பயன்படும் விடயங்களை மட்டும் இங்கே தருகிறேன்.

எப்படி நடக்கிறது?

நிதி வழங்கும் நிறுவனம் முதலில் ஓர் அறிவித்தல் விடும். எந்த நோய், எந்தப் பிரதேசம், எவ்வளவு தொகை, எத்தனையாம் திகதிக்கு முன் விண்ணப்பம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம்மவரின் வேலை அங்கே ஆரம்பமாகிறது. எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பங்கள், எத்தனை நோயாளர்கள் என்ற விபரத்தைச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம், பிரதேச செயலகம் என்று அலைந்து எடுக்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு முடியும், முடிந்ததை எப்படி நிரூபிப்போம் என்று வரிக்கு வரி எழுத வேண்டும். அனுப்புவதில் பெரும்பாலானவை கிடைக்காமல் போகும். மனம் தளராமல் அடுத்ததை எழுத வேண்டும்.

கிடைத்தாலும் காசு மொத்தமாக வராது. முதல் தவணை வரும். வேலையும் கணக்கும் சரி என்று அறிக்கை போனால்தான் அடுத்த தவணை. புறக்கோட்டை மொத்த வியாபாரி முதல் லோட்டின் காசு வராமல் அடுத்த லோட்டை ஏற்றுவாரா? அதே கதைதான். சோகக் கதை சொல்லிக் கேட்பது இந்தத் தொழில் அல்ல என்பார் அவர். சொன்னதைச் செய்தோம் என்று பற்றுச்சீட்டோடு காட்டுவதுதான் தொழில்.

மலேரியா சொன்ன பாடம்

இந்தக் காசு என்ன செய்யும் என்பதற்கு எமது மாவட்டமே சாட்சி. 1999இல் இலங்கையில் 264,549 பேருக்கு மலேரியா இருந்தது. கந்தளாய், கிண்ணியா, மூதூர் பக்கத்து மூத்தவர்களுக்கு அந்தக் குளிர்க்காய்ச்சல் மறக்காது. 2002இல் ஆரம்பிக்கப்பட்டு ஜெனீவாவில் இயங்கும் உலகளாவிய நிதியம் எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றுக்கும் நிதி வழங்குகிறது. அங்கிருந்து கிடைத்த கொடைகளில் அரசின் மலேரியா தடை இயக்கம் மட்டுமன்றி, சர்வோதயமும் ‘டெடா’ என்ற இலங்கைத் தனியார் கம்பனியும் பங்கெடுத்தன. திருகோணமலை, மன்னார் உள்ளிட்ட மாவட்டங்களில் டெடா அரச வைத்தியசாலைகளில் இரத்தப் பரிசோதனை செய்தது. நடமாடும் முகாம்களையும் நடத்தியது. ஒரு தனியார் கம்பனியும் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால் பொதுச் சுகாதாரத்துக்கு உழைக்கலாம் என்பதை வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

உள்நாட்டில் தொற்றிய மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. 1963இல் நோயாளர் தொகை வெறும் 17ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்தது என்று கை தளர்ந்ததும், 1960களின் இறுதியில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. நோயாளி இல்லாத நோய்க்கு யார் காசு தருவார்? நண்பரின் தொழிலில் இதுதான் மிகக் கடினமான கேள்வி. ஆபிரிக்காவுக்கு மாணிக்கக்கல் வாங்கப் போய் வருபவர்களோடு மலேரியா இன்றும் நாட்டுக்குள் வருகிறது. அங்கு பிரயாணம் செய்யும் வியாபாரிகள் மலேரியா தடை இயக்கத்திடம் தடுப்பு மருந்தை இலவசமாகப் பெறலாம். பயணத்துக்கு முன் கேட்டு வாங்குங்கள்.

ஒரே வாடிக்கையாளரை நம்பினால்

2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதியோடு யுஎஸ்எயிட் நிறுவனம் உதவி வழங்குவதையே நிறுத்தியது. உலகெங்கும் அதை மட்டும் நம்பியிருந்த கிளினிக்குகள் மூடப்பட்டன. கடை முழுவதையும் ஒரே வாடிக்கையாளருக்காக நடத்தினால் என்ன ஆகும் என்று எமக்குத் தெரியும். அதனால் நண்பர் இப்போது வெளிநாட்டு விண்ணப்பங்களோடு உள்ளூர் வர்த்தகர்களின் கதவையும் தட்டுகிறார்.

எங்கள் பங்கு

இங்கே இரண்டு விடயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, விலைமனு. கொள்வனவுக்கு மூன்று கடைகளின் விலை வேண்டும் என்பது விதி. ஒரே ஆளே மூன்று கடிதத் தலைப்புகளில் விலை எழுதிக் கொடுப்பது கடைத்தெருவில் புதிதல்ல. “என்ஜிஓ காசுதானே” என்று விலையை ஏற்றுவதும் நடக்கிறது. கணக்காய்வாளர் அதைப் பிடித்தால் அந்தச் செலவு நிராகரிக்கப்படும். அடுத்த தவணை நிற்கும். நட்டம் வெள்ளைக்காரனுக்கு அல்ல, ஊரில் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் தாய்க்கு. அமானிதம் என்பது இதுதான். பதிவுச் சான்றிதழ், முறையான பில், காசோலையை ஏற்கும் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் உள்ள கடைக்கு இந்த வியாபாரம் நேர்மையாகவே வரும்.

இரண்டாவது, எமது நிறுவனங்கள். 2017 மார்ச்சில் டெங்கு கிண்ணியாவில் உயிர்களைப் பறித்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு பதிவானது. இப்படியான நேரங்களில் எமது சமூகம் கை நீட்டிக் கொடுக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, பயனடைந்தவர் எத்தனை பேர் என்று எழுதி வைக்கும் நிர்வாகங்கள் குறைவு. மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை இல்லாத சங்கத்துக்குப் பெரிய நிதியங்கள் கதவைத் திறப்பதில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகராவின் 282ஆவது வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

“தர்மக் காசில் சம்பளமா?” என்று நண்பரைப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் அதைச் சேகரித்து நிர்வகிப்போரையும் அத்தவ்பாவின் 60ஆவது வசனம் சேர்த்திருக்கிறது. வேலை செய்பவருக்குக் கூலி உண்டு என்பது எமக்குப் புதிய கொள்கை அல்ல.

வர்த்தகர்களிடம் அவர் கேட்பது சின்ன விடயம். சக்கர நாற்காலி கொடுத்துப் படம் பிடிப்பது நல்லதுதான். அதோடு ஒரு வருடத்துக்கு உங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்காய்வுக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிதியங்கள் பெரும்பாலும் இப்படியான நிர்வாகச் செலவுக்குத் தாராளமாகத் தருவதில்லை. ஆனால் அந்த அறிக்கை இருந்தால்தான் அவர்களிடம் போய்க் கேட்கவே முடியும். இதற்கு ஸகாத்தைப் பயன்படுத்தலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஸதகாவாகக் கொடுப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திலோ நலன்புரிச் சங்கத்திலோ நீங்கள் அங்கத்தவராக இருந்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கடந்த வருடக் கணக்கு கணக்காய்வு செய்யப்பட்டதா? இல்லை என்றால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.