சி மொழி மறந்துவிட்டதா?

சி மொழியில் புரோகிராம் எழுதத் தெரியுமா உங்களுக்கு? அப்படியானால் ஒரு சிறிய சோதனை. ஒரு ஃபோல்டருக்குள் உள்ள கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள்.

சி மொழியோடு கூடவே வரும் ஃபங்ஷன்களின் தொகுப்புக்குத் தர நூலகம் என்று பெயர். அதில் கோப்பைத் திறக்க, அழிக்க, பெயர் மாற்ற ஃபங்ஷன்கள் உண்டு. பட்டியலிட மட்டும் ஒன்றுமே இல்லை!

இது மறதியா? இல்லை. டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழிக்கு அமெரிக்காவில் 1989-இல் தர விதிகள் வகுத்தார்கள். அதற்குள் பலவகைக் கணிப்பொறிகளில் சி பரவியிருந்தது. யூனிக்ஸில் ஃபோல்டர்கள் இருந்தன, ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் கோப்புகளை அடுக்கும் முறையே வேறு. எந்தக் கணிப்பொறியிலும் நடக்கக்கூடியதைத்தானே பொதுவிதி வாக்களிக்க முடியும்?

ஆகவே, பட்டியலை இயக்க அமைப்பிடமே கேட்க வேண்டும். லினக்ஸில் 'ரீட்டிர்', விண்டோஸில் 'ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல்' என்று ஃபங்ஷன்கள் வேறுபடும். சி-யிலிருந்து வளர்ந்த சி பிளஸ் பிளஸ், 2017-இல்தான் இதைத் தன் நூலகத்தில் சேர்த்துக்கொண்டது.

உங்கள் புரோகிராம் நண்பர் வீட்டுக் கணிப்பொறியில் ஓட மறுக்கிறதா? நீங்கள் அழைத்த ஃபங்ஷன் மொழியினுடையதா, இயக்க அமைப்பினுடையதா என்று முதலில் பாருங்கள்.