இரும்பும் சர்க்கரையும்

மாகறல் சுட்டியே, 'மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் சிலருக்குச் சர்க்கரை நோயும் வருகிறதே, ஏன் மாமா?' என்று கேட்டாயே, பலே! பெரியவர்களுக்கே தோன்றாத கேள்வி.

அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது தலசீமியா மேஜர். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்துவிட்டது. அதனால் நல்ல சிவப்பணுக்கள் போதுமான அளவு உருவாவதில்லை. 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை பிறர் கொடுத்த ரத்தத்தை ஏற்றுகிறார்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தாராளமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடு!

ஒரு பை ரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடம்போ ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான் வெளியேற்றும். மீதி எங்கே போகும்? கல்லீரலில், இதயத்தில், வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் போய்ப் படியும்.

கணையம் இன்சுலின் சுரக்கிறது. அதைப் பள்ளிக்கூட மணி என்று வைத்துக்கொள். மணி அடித்ததும் வகுப்பறைக் கதவுகள் திறக்கும்; மைதானத்தில் நிற்கும் பிள்ளைகள் உள்ளே போவார்கள். அப்படித்தான் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை செல்களுக்குள் போகிறது. கணையத்தில் இரும்பு படிந்தால் மணிச் சத்தம் குறையும். கல்லீரலில் படிந்தால், மணி அடித்தாலும் கதவு சரியாகத் திறக்காது. புரிகிறதா? கூட்டம் மைதானத்திலேயே நிற்கும். அதுதான் சர்க்கரை நோய். மிட்டாய் தின்றதால் வந்தது என்று யாராவது அந்தப் பிள்ளையைத் திட்டினால், நீயே எடுத்துச் சொல்.

இன்னொரு வேடிக்கை கேள். தாத்தாவுக்கு 'மூன்று மாதச் சர்க்கரை' சோதனை எடுப்பார்கள் அல்லவா? சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளையின் உடம்பில் ஓடுவது யாருடைய சிவப்பணு? ரத்தம் கொடுத்தவருடையது! போன வாரம் வந்த விருந்தாளிக்கு மூன்று மாதக் கதை எப்படித் தெரியும்? அதனால் டாக்டர்கள் அந்த எண்ணை நம்பிவிடுவதில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். சுமார் 10 வயதிலிருந்தே ஆண்டுதோறும் இதைச் செய்வது நல்லது.

இரும்பை வெளியேற்றவும் மருந்து உண்டு. முன்பெல்லாம் இரவு முழுக்க வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தியபடி தூங்கவேண்டும். எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும், சொல்? இப்போது மாத்திரைகள் வந்துவிட்டன. ஒருநாள்கூட விடாமல் சாப்பிடவேண்டும். சர்க்கரை நோய் வந்துவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் இன்சுலின் ஊசி தேவைப்படும்.

நம் காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூர் இருக்கிறதே, அங்கே சிஎம்சி மருத்துவமனையில் 1986-இல் தலசீமியா பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். அது பலித்தால், உடம்பு தானே நல்ல ரத்தம் செய்துகொள்ளும். ஆனாலும் பழைய இரும்பு உள்ளேயே இருக்குமே! அதனால் அதுவரை ரத்தம் ஏற்றிக்கொண்ட பிள்ளையிடமிருந்தே, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை எடுப்பார்கள். ஏன் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய்!