கடிக்கு முன் போடும் ஊசி

நாய் கடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது இன்று பலருக்குத் தெரியும். கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், சொன்ன நாள்களில் சொன்னபடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இந்த விழிப்புணர்வு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கடியால் வரும் நோயைக் கடிக்கு முன்பே, நாயின் உடலிலேயே தடுத்துவிடுகிற ஊசி மீது நமக்கு அந்த அக்கறை வரவில்லை. ரேபீஸ் எனப்படும் வெறிநோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதற்குப் பலியாவதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நேர்வது. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாய்களால் வருவது. கடிபடுகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். ஆகவே, வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவதை நாய்ப் பிரியர்களின் சொந்த விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. அது அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை.

கடித்தபின் மனிதருக்கு ஊசி போடலாமே, நாய்க்கு எதற்கு என்று கேட்கலாம். கடித்தபின் போடுவது ஓர் ஓட்டப்பந்தயம். நாயின் எச்சிலில் வரும் கிருமி நரம்பு வழியே மூளையை நோக்கி ஏறுகிறது. அது போய்ச் சேருவதற்குள் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாத அவகாசம் கிடைக்கும். சிலருக்கு ஒரு வாரம்தான் கிடைக்கும். தலையிலோ முகத்திலோ கடிபட்டால் அவகாசம் இன்னும் குறைவு. குட்டியோடு விளையாடும்போது பல் பட்டதை, அடி விழுமோ என்று பயந்து குழந்தை சொல்லாமலே விட்டுவிடலாம். அறிகுறி காட்டுவதற்குச் சில நாள் முன்பே நாயின் எச்சிலில் கிருமி வந்துவிடுவதால், நல்ல நாய்போலத் தெரிவதும் நோய் தரலாம். இத்தனை ஓட்டைகளும் நாய்க்கு முன்கூட்டிப் போடும் ஊசியில் அடைபடுகின்றன. இதற்கு நாடறிந்த சான்றுகள் உண்டு. 1990-ல் மெக்சிகோவில் 60 பேர் வெறிநோயால் இறந்தார்கள். நாய்களுக்கு இலவசமாக, பெருமளவில், ஆண்டுதோறும் ஊசி போட்டு, 2006-ல் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாய் வழி வெறிநோய் மரணத்தை ஒழித்த நாடு என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. நம் நாட்டிலேயே கோவா மாநிலம், வீட்டு நாய், தெரு நாய் என்ற பேதமில்லாமல் ஊசி போட்டு, நாய்களிடையே நோயைப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைத்தது. ஓரூரில் நூற்றுக்கு 70 நாய்கள் ஊசி போட்டவையாக இருந்தால், கிருமி ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழியில்லாமல் போகிறது. அந்த 70-ல் நம் வீட்டு நாயும் ஒன்று.

“எங்கள் நாய் வாசலைத் தாண்டாது” என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. நாய் தாண்டாவிட்டாலும் நோய் தாண்டி வரும். திறந்த கேட் வழியே ஒரு தெரு நாய் உள்ளே வர ஒரு நிமிடம் போதும். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலும் வாந்தியும் தந்து சில நாளிலேயே கொன்றுவிடும் பார்வோ கிருமிக்கு இன்னொரு நாய்கூடத் தேவையில்லை. 1978-ல் வெளிப்பட்டு ஓரிரு ஆண்டில் உலகம் முழுக்கப் பரவிய அது, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வரும். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் வருவது. நாய்க்கு வந்தால் அதன் சிறுநீர் வழியே மனிதருக்கும் தொற்றலாம். காய்ச்சல், சளியில் தொடங்கி வலிப்பில் முடியும் டிஸ்டெம்பர், தொற்றுக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கும் சேர்த்தே கூட்டுத் தடுப்பூசி போடப்படுகிறது.

ஒரே ஊசியோடு முடியாதா, எதற்கு இத்தனை முறை என்ற சந்தேகம் நியாயமானது. பதில் தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடுகிறது. அது இருக்கும்வரை குட்டியைக் காக்கும்; அதே வேளையில் ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. ஒரு குட்டிக்கு ஆறு வாரத்தில் அது வற்றும்; இன்னொன்றுக்கு 16 வாரம் வரை நீடிக்கும். எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் கடக்கும்வரை திரும்பப் போடுகிறார்கள். நடுவில் ஒன்றை விட்டால் குட்டி காப்பில்லாமல் நிற்கலாம். ரேபீஸ் ஊசியைப் பொதுவாக 12 வாரத்தில் போட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இன்னொரு முறை போட்டு, பிறகு ஆண்டுதோறும் தொடர்வது நம் நாட்டு வழக்கம். எலிக்காய்ச்சலுக்கும் ஆண்டுக்கொரு முறை வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளின் காப்பு முதல் பூஸ்டர் எனும் மறு ஊசிக்குப் பின் நீண்ட காலம் நிற்கும் என்பதால், அவற்றின் இடைவெளியை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். வரிசை முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை, பல நாய்கள் வந்து போகும் இடத்தில் குட்டியை இறக்கிவிடாதிருப்பது நல்லது.

“நாட்டு நாய் எதையும் தாங்கும்” என்ற நம்பிக்கை கிராமங்களில் வேரூன்றியது. ராஜபாளையமோ கோம்பையோ சிப்பிப்பாறையோ நம் வெயிலையும் உழைப்பையும் தாங்கும் என்பது உண்மை. வெறிநோய்க் கிருமிக்கு இனம் தெரியாது. பக்கவிளைவு பயமும் உண்டு. ஊசி போட்ட ஓரிரு நாள் நாய் சோர்ந்திருக்கலாம், போட்ட இடம் சற்று வீங்கலாம். முகம் வீங்குவது, மூச்சு திணறுவது போன்ற கடுமையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் சிறிது நேரத்திலேயே வந்துவிடும். எனவே ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வருவது புத்திசாலித்தனம். காய்ச்சலோ கழிச்சலோ இருக்கும் குட்டிக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டும்; அதற்குத்தான் முதலில் மருத்துவர் பார்க்கிறார். செலவு ஒரு தடையென்றால் அரசுக் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம்கள் நடக்கின்றன. பார்வோ வந்த குட்டிக்கு நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஊசியின் விலை சிறிது. மருந்தைக் கடையில் வாங்கி வீட்டிலேயே போடுவது மட்டும் வேண்டாம். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து வழியில் சூடேறிப்போனால், போட்டது வெறும் தண்ணீராகிவிடும்; போட்டுவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

எந்தத் தடுப்பூசியும் நூற்றுக்கு நூறு இல்லை. ஆகவே ஊசி போட்ட நாய் கடித்தாலும் கடிவாயைக் கழுவி மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கத்தான் வேண்டும். அப்போது மருத்துவர் முதலில் கேட்பது நாயின் தடுப்பூசி அட்டையை. எந்தத் தேதியில் எந்த மருந்து, அடுத்தது எப்போது என்று எழுதிய அந்த அட்டையைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் வையுங்கள். இரண்டும் காப்பது ஒரே வீட்டைத்தான்.