மறியல் மட்டும் மருந்தாகாது

ஒரு காலத்தில் கொழும்பின் சில குடியிருப்புகளோடு மட்டும் தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ஹெரோயின், இன்று வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுத்து வருகின்றது. ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெற்றமினும் அதனோடு சேர்ந்துகொண்டுள்ளது. 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஐஸ் தொடர்பான குற்றங்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. 2023 டிசம்பரில் ஆரம்பமான ‘யுக்திய’ நடவடிக்கையின்போது பல்லாயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். கடத்தற்காரர் மீது சட்டம் பாய்வதை எவரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆனால், போதைக்கு அடிமையாகிப் பிடிபட்ட இளைஞன் மறியலிலிருந்து வீடு திரும்பிய பின்னர் அவனுக்கு என்ன நேர்கின்றது என்பது குறித்து நாம் போதியளவு சிந்திக்கின்றோமா?

“மனவுறுதி இல்லாதவன்” என்பதே இத்தகையோர் மீது சமூகம் வழங்கும் தீர்ப்பு. மூளை பற்றிய விஞ்ஞானம் இத்தீர்ப்பை மீள்பரிசீலனை செய்யுமாறு கோருகின்றது. 1954 இல் கனடாவின் மொன்ட்ரியல் நகரில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் ஆகிய இரு ஆய்வாளர்கள், எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மெல்லிய மின்தூண்டல் கிடைக்குமாறு செய்தபோது, அந்த எலி அத்தூண்டலைப் பெறுவதற்காக நெம்புகோலை ஓயாது அழுத்துவதைக் கண்டனர். பசிக்கு உணவு, தாகத்துக்கு நீர், உறவின் அன்பு போன்றவற்றை மீண்டும் மீண்டும் நாடச் செய்யும் வெகுமதிப் பாதை மூளையில் உண்டு என்பதை இத்தகைய ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. அப்பாதையின் முக்கிய இரசாயனத் தூதுவன் டொபமின் ஆகும்.

போதைப்பொருள் இந்தப் பாதையைக் கைப்பற்றிக் கொள்கின்றது. இயற்கையான இன்பங்கள் சுரக்கச் செய்வதைவிடப் பன்மடங்கு டொபமினை அது வெளிப்படுத்துகின்றது. அந்த வெள்ளத்தைச் சமாளிப்பதற்கு மூளை தனது ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றது. விளைவாக, முன்னர் மகிழ்ச்சி தந்த விளையாட்டும் நட்பும் குடும்பமும் சுவையற்றுப் போகின்றன. அதே போதைக்குக் கூடுதலான அளவு தேவைப்படுகின்றது. தூர நோக்கோடு முடிவெடுத்து ஆசைக்குக் கடிவாளமிடும் முன்மூளையின் பிடியும் தளர்கின்றது. பழைய நண்பனின் முகமோ, பழகிய சந்தியோ தென்பட்டால் போதும், அடங்கியிருந்த வேட்கை கிளர்ந்தெழும். மனவுறுதியை வழங்கவேண்டிய உறுப்பே பாதிப்புற்றிருக்கையில், மனவுறுதியை மட்டும் எதிர்பார்ப்பது முறிந்த காலோடு ஓடச் சொல்வதற்கு ஒப்பானது.

எனினும் இது மீளமுடியாத நிலையன்று. ஐஸ் பாவித்தோரிடம் நோரா வொல்கோவ் தலைமையிலான குழுவினர் நடத்தி 2001 இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்கு மேலாக அதிலிருந்து விலகியிருந்தோரின் மூளையில் டொபமின் கடத்திகள் குறிப்பிடத்தக்களவு மீண்டிருந்தமை தெரியவந்தது. மூளை தேறுகின்றது; ஆனால் அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் தேவை. சில வாரத் தடுத்துவைப்பு இதற்கு ஈடாகாது.

அந்தக் காலத்தைக் கடக்க உதவுவனவே மருந்துகள். ஹெரோயின் போன்ற அபின்சார் போதைக்கு மெதடோன், புப்ரெனோர்பின் ஆகிய இரண்டும் முக்கியமானவை. ஹெரோயின் பற்றிக்கொள்ளும் அதே ஏற்பிகளில் இவை மெதுவாக அமர்ந்து, நீண்ட நேரம் நிலைத்து, உடல் நடுக்கத்தையும் வேட்கையையும் தணிக்கின்றன. உரிய அளவில் எடுத்துக்கொள்பவர் போதையில் மிதப்பதில்லை. வேலைக்குச் செல்கின்றார், குடும்பத்தைப் பார்க்கின்றார். “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்ற வினா நியாயமானதே. ஆயினும், நீரிழிவு நோயாளி நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்வதை எவரும் அடிமைத்தனம் என்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2005 இல் இவ்விரு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இவ்விடயத்தில் மலேசியாவின் அனுபவம் நமக்குப் பாடமாக அமையத்தக்கது. கட்டாயத் தடுப்பு நிலையங்களையே பெரிதும் நம்பியிருந்த அந்நாடு, 2010 இலிருந்து அவற்றுட் சிலவற்றை மெதடோன் வழங்கும் தன்னார்வச் சிகிச்சை நிலையங்களாக மாற்றியது. கோலாலம்பூரில் பள்ளிவாசல் ஒன்றிலேயே மெதடோன் வழங்கும் திட்டம் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. இருவகை நிலையங்களிலிருந்தும் வெளியேறியோரை ஒப்பிட்டு 2017 இல் வெளியான ஆய்வின்படி, கட்டாய நிலையங்களிலிருந்து வந்தோர் மீண்டும் அபின்சார் போதைக்குத் திரும்ப எடுத்த இடைநிலைக் காலம் 31 நாட்கள். தன்னார்வ நிலையங்களிலிருந்து வந்தோருக்கோ அது 352 நாட்கள்.

மறியலுக்குப் பிந்திய நாட்களில் இன்னுமோர் ஆபத்தும் மறைந்துள்ளது. போதையற்றிருந்த காலத்தில் உடலின் தாங்குசக்தி குறைந்துவிடும். வெளியே வந்தவர் பழைய அளவை எடுத்துக்கொண்டால் மூச்சு அடங்கிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான கைதிகளை ஆராய்ந்து 2007 இல் வெளியான ஆய்வொன்று, முதல் இரு வாரங்களில் அளவுக்கு மீறிய போதையால் இறக்கும் அபாயம் ஏனையோரைவிட அவர்களுக்கு 129 மடங்கு அதிகமெனக் கண்டது. உரிய நேரத்தில் கொடுக்கப்படும் நலொக்சோன் என்ற மருந்து இவ்வாறான உயிர்களைக் காப்பாற்றவல்லது.

மதுவுக்கு அடிமையானோருக்கும் நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட், டைசல்பிரம் ஆகிய மருந்துகள் உண்டு. இவற்றுள் டைசல்பிரம், மது அருந்தினால் வாந்தியும் படபடப்பும் ஏற்படச் செய்வது. கணவனுக்கோ மகனுக்கோ தெரியாமல் உணவில் கலந்துவிடலாம் என எண்ணுவது உயிருக்கே உலைவைக்கும் செயல். நெடுநாட் குடிகாரர் ஒரே நாளில் குடியை நிறுத்துவதும் வலிப்பு போன்ற ஆபத்துகளை விளைவிக்கக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பு அவசியம். ஐஸ் பாவனைக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லாமையால், அங்கு உளவளத்துணையும் நடத்தைச் சிகிச்சையுமே பிரதான வழிகளாகும்.

நம் நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென 2007 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2023 இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமும் நிறைவேறியது. ஆனால், 2022 இல் கந்தகாடு நிலையத்தில் ஒருவர் உயிரிழந்ததும், அதையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும், முட்கம்பியால் நோயைக் குணப்படுத்த முடியாது என்பதையே உணர்த்தின. மாவட்ட வைத்தியசாலைகள்தோறும் உளநல மருத்துவரின் மேற்பார்வையில், நோயாளியின் சொந்த மொழியில், இச்சிகிச்சை கிடைக்க வழிசெய்யப்பட வேண்டும். மறியலிலிருந்து விடுதலையாகும் ஒவ்வொருவரும் நேரே அச்சிகிச்சையுடன் இணைக்கப்பட வேண்டும்.

கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு. போதையைக் கண்டிக்கும் குரல் ஓங்கி ஒலிக்கட்டும். ஆனால் அதிலிருந்து மீள வருபவனைக் கண்டு கதவடைக்கும் வழக்கம் ஒழியட்டும். மானம் போய்விடுமென்று மகனை அறைக்குள் பூட்டிவைக்கும் தாய், அச்சமின்றி அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லக்கூடிய சூழலை ஏற்படுத்துவது நம் அனைவரினதும் கடமையாகும்.