‘எங்க போட்டாலும் போவேன்’: டிக் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ப்ளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சதுல இருந்து இதுவரைக்கும் நான் நிரப்பின ஃபார்ம் மொத்தம் பதினொன்று. எல்லாத்துலயும் கடைசிப் பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு கேள்வி இருக்கும். ‘இந்தியாவில் எங்கு போஸ்டிங் போட்டாலும் செல்வீர்களா?’ ‘நைட் ஷிஃப்ட் சம்மதமா?’ நாம யோசிக்கவே மாட்டோம். எஸ், எஸ். நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீங்க. நோ போட்டா ஷார்ட்லிஸ்ட்ல பேரே வராதுன்னு சீனியர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

தீபாவளி லீவில் வீட்டில் உட்கார்ந்து இப்படி ஒரு ஃபார்மை நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தக் கேள்விக்கு நான் நோ போட்டேன்டி” என்றார். அம்மா ஒரு வங்கியில் கிளார்க். நான் ஆறாவது படிக்கும்போது அவருக்கு ஆபீசர் பிரமோஷன் வந்திருக்கிறது. பிரமோஷன் வந்தால் கூடவே டிரான்ஸ்ஃபரும் வரும். வேறு மாநிலமாகக்கூட இருக்கலாம். தம்பி அப்போது ஒன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூடப் பரீட்சை எழுதிய தோழிகளில் ரெண்டு பேர் இன்று பிராஞ்ச் மேனேஜர்.

“வருத்தமா இருக்காம்மா?”

“சில நாள் இருக்கும். சில நாள் இருக்காது” என்றார். அவ்வளவுதான்.

பத்து வருஷமா எனக்கு இது தெரியாது என்பதுதான் என்னை உறுத்தியது. பெரிய பதவிகளில் இருந்தவர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள், வெற்றி என்று எதைச் சொன்னார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் நமக்குப் பயன்படும் என்று தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

மாணவர்கள் கேட்ட கேள்வி

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் ஒரு வேலை செய்தார்கள். அங்கே படிக்கும் மாணவர்களை அனுப்பி, உலகம் முழுக்க ஏறக்குறைய 4,000 நிர்வாகிகளை ஐந்து வருட காலத்தில் பேட்டி எடுக்க வைத்தார்கள். வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. போரிஸ் க்ராய்ஸ்பெர்க், ராபின் ஆப்ரஹாம்ஸ் என்ற இருவர் அந்தப் பதில்களைத் தொகுத்து 2014 மார்ச்சில் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

முதல் விஷயம், வெற்றி என்றால் என்ன என்று தங்களுக்கென ஒரு விளக்கம் வைத்திருந்தவர்கள்தான் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள். அந்த விளக்கமும் பொத்தாம்பொதுவாக இருக்காது. ‘குடும்பத்துக்கு முக்கியத்துவம் தருவேன்’ என்பது விளக்கம் ஆகாது. ‘வாரத்தில் நாலு ராத்திரி வீட்டில் சாப்பிடுவேன்’ என்பது விளக்கம். நம்ம பாஷையில் சொன்னால், அளக்க முடியாத ஸ்பெசிஃபிகேஷனை வைத்து எதையும் டெஸ்ட் பண்ண முடியாது.

ரெண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. அந்த ஆய்வில் ஆண்களில் 88 சதவீதம் பேர் திருமணமானவர்கள். பெண்களில் 70 சதவீதம். ஆண் நிர்வாகிகளில் 60 சதவீதம் பேரின் மனைவிகள் வெளியே முழுநேர வேலைக்குப் போகவில்லை. பெண் நிர்வாகிகளில் அப்படி ஒரு கணவர் கிடைத்தவர்கள் 10 சதவீதம் மட்டுமே. அதாவது, ‘நான் பேலன்ஸ் பண்றேன்’ என்று ஆண் சொல்லும்போது, பல வீடுகளில் பேலன்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு ஆள். ராத்திரி பத்து நிமிஷம் பிள்ளைகளோடு இருப்பதைப் பெருமையாகச் சொன்ன ஆண்கள் இருந்தார்கள். அதே பத்து நிமிஷத்தை எந்த அம்மாவாவது பெருமையாகச் சொல்லுவாரா? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

பால் வாங்கி வந்த பிரசிடென்ட்

இந்திரா நூயி நம்ம சென்னைப் பெண். 1955-இல் பிறந்தவர், மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜில் படித்து, கல்கத்தா ஐ.ஐ.எம். போய், அங்கிருந்து யேல் போனவர். 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் சி.இ.ஓ. அவர் சொன்ன பால் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். கம்பெனியின் பிரசிடென்ட் ஆகப்போகிறோம் என்ற செய்தியோடு ராத்திரி பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வருகிறார். வாசலிலேயே அம்மா, ‘முதல்ல போய் பால் வாங்கிட்டு வா’ என்கிறார். கணவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார், ஆனால் களைப்பாக இருக்கிறாராம். பாலை வாங்கி வந்து கோபத்தோடு வைத்தவரிடம், கிரீடத்தை காரேஜிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்கிற அர்த்தத்தில் அம்மா பேசினார்.

வாட்ஸ்அப்பில் இந்தக் கதை ‘எவ்வளவு உயர்ந்தாலும் பெண் அடக்கமாக இருக்க வேண்டும்’ என்று முடியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு மணிக்கு வந்தவர் ஏன் பால் வாங்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

அதே நூயி மறைக்காமல் சொன்ன மற்ற விஷயங்கள் முக்கியமானவை. மகள் படித்த பள்ளியில் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மாக்களுக்கான சந்திப்பு. இவரால் போக முடியாது. மகள் வருத்தப்பட்டதும், வராத மற்ற அம்மாக்கள் யார் யார் என்று பள்ளியில் கேட்டு லிஸ்ட் வாங்கி வைத்துக்கொண்டாராம். சின்ன மகள் ஆபீசுக்கு போன் போட்டு வீடியோ கேம் விளையாடலாமா என்று கேட்டால், ஹோம்வொர்க் முடிச்சாச்சா என்று விசாரித்து அனுமதி கொடுக்க ஆபீசில் இருந்தவர்களையே பழக்கி வைத்திருந்தார். மாமனார் மாமியார் பக்கத்து உறவினர்களும் தன் அம்மாவும் முறைவைத்து உதவிக்கு வந்ததையும் சொல்லியிருக்கிறார். எல்லாமே ஒருவருக்குக் கிடைத்துவிடாது என்பது அவர் கருத்து. 2021-இல் வந்த தன் நினைவுநூலில், சம்பளத்தோடு விடுப்பு, நேர வசதி, குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடு இவையெல்லாம் தனிமனிதர் சாமர்த்தியமாக இருக்கக் கூடாது, சமூகத்தின் ஏற்பாடாக வேண்டும் என்று வாதிடுகிறார்.

தப்பு எங்கே நடக்கிறது?

யாருமே ‘என் குடும்பத்தைக் கைவிடப் போகிறேன்’ என்று முடிவெடுத்து வேலைக்குப் போவதில்லை. பின்னே எப்படி நடக்கிறது? இதற்கு நான் படித்ததில் தெளிவான பதில் ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சனுடையது. 2010-இல் படிப்பு முடித்துப் போகும் மாணவர்களிடம் அவர் இதைப் பற்றிப் பேசினார். 2012-இல் புத்தகமாகவும் வந்தது. அவருடைய பேட்ச் 1979. ஒவ்வொரு ரீயூனியனுக்கும் போகும்போது, விவாகரத்து ஆனவர்கள், பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று கூடிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறார். என்ரான் ஊழலில் சிறைக்குப் போன ஜெஃப்ரி ஸ்கில்லிங்கும் அவருடைய பேட்ச்மேட்தான்.

அவர் சொல்லும் காரணம் இதுதான். கையில் ஒரு மணி நேரம் கிடைத்தால், சாதிக்கத் துடிப்பவர்கள் அதை உடனே பலன் தெரியும் இடத்தில் போடுவார்கள். வேலையில் போட்டால் ஒரு ரிப்போர்ட் முடியும், ஒரு பாராட்டு வரும், இன்க்ரிமென்ட் வரும். வீட்டில் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை மறுநாளும் அடம்தான் பிடிக்கும். நல்லபடியாக வளர்ந்ததா என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஃபீட்பேக் சீக்கிரம் வரும் லூப்பை நாம் தினமும் சரிசெய்துகொண்டே இருப்போம். ஃபீட்பேக் இருபது வருஷம் தாமதமாக வரும் லூப்பில், எரர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றே தெரியாது. தெரியும்போது திருத்த நேரம் இருக்காது. செமஸ்டர் பிஸியில் ஊருக்கு போன் பேசுவதைத் தள்ளிப் போடும்போது நாமும் இதைத்தான் சின்ன அளவில் செய்கிறோம். இன்டர்னல் மார்க் நாளைக்கே வரும். அம்மா ‘ஏன் பேசலை’ன்னு கேட்டு மார்க் குறைக்க மாட்டாங்க.

விலகியவர்கள்

பிம்கோ என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தின் சி.இ.ஓ.வாக இருந்தவர் முகமது எல்-எரியன். ஒருநாள் பத்து வயது மகளைப் பல் தேய்க்கச் சொல்கிறார். பேச்சு வளர்ந்து, மகள் ஒரு பேப்பரை எடுத்து வந்து கொடுக்கிறாள். வேலை காரணமாக அவர் தவறவிட்ட 22 விஷயங்களின் பட்டியல் அது. பள்ளியின் முதல் நாள், கால்பந்து மேட்ச் என்று வரிசையாக. 2014-இல் பதவியை விட்டார். நிறுவனத்துக்குள் கருத்து வேறுபாடுகளும் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்தப் பட்டியல் தன்னை உலுக்கியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆன்-மேரி ஸ்லாட்டர் அமெரிக்க வெளியுறவுத் துறையில் கொள்கைத் திட்டமிடல் பிரிவின் இயக்குநரான முதல் பெண். வாரநாட்களில் வாஷிங்டன், வாரக்கடைசியில் வீடு. டீன் ஏஜில் ரெண்டு பையன்கள். ரெண்டு வருடத்தில், 2011-இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிட்டார். 2012-இல் அட்லாண்டிக் இதழில் அவர் எழுதிய கட்டுரை பெரிய விவாதம் ஆனது. ‘முயற்சி செய்தால் எல்லாம் முடியும்’ என்று இளம்பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது சரியல்ல, வேலை அமைந்திருக்கும் விதமே மாற வேண்டும் என்றார்.

இவர்கள் ரெண்டு பேருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. விலகினாலும் விழுந்துவிடாத உயரத்தில் இருந்தார்கள். எஜுகேஷன் லோன் கட்ட வேண்டிய நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் நம்ம கணக்கை முன்னாடியே போட வேண்டியிருக்கிறது.

வாரத்துக்கு 168 மணி நேரம்

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசியது வெளியானது. மீம் போடுவதை விட்டு, நாம கணக்குப் போடுவோம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் தினம் 7 மணி என்றால் 49. ஆபீசுக்குப் போய்வர தினம் 2 மணி, ஆறு நாளுக்கு 12. குளிக்க, சாப்பிட, துணி துவைக்க தினம் 2 மணி, ஆக 14. வேலை 70 என்றால் மிச்சம் 23 மணி நேரம். வேலை 90 என்றால் மிச்சம் வாரத்துக்கே 3 மணி நேரம். இந்த மூன்று மணி நேரத்தில் குழந்தையும் வளர்க்க முடியாது, வயசான அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போக முடியாது. அதை யாரோ ஒருவர் செய்துகொண்டிருப்பார்.

மூர்த்தி வீட்டிலேயே அந்தக் கதை இருக்கிறது. 1981-இல் இன்ஃபோசிஸ் ஆரம்பிக்க 10,000 ரூபாய் கொடுத்தவர் அவர் மனைவி சுதா மூர்த்தி. அவரும் இன்ஜினியர்தான். ஆனால் ரெண்டு பேரில் ஒருவர்தான் கம்பெனியில் இருக்கலாம் என்று மூர்த்தி சொல்ல, சுதா வெளியே நின்றார். அந்த முடிவு தவறு என்று பல வருடம் கழித்து மூர்த்தியே பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

சரி, நாம என்ன பண்றது?

முதலில், சட்டம் என்ன தருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017-இல் செய்த சட்டத் திருத்தம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியார் துறையில் கம்பெனி மனசு வைத்தால் உண்டு. எனவே ப்ரீ-ப்ளேஸ்மென்ட் டாக்கில் ‘எனி கொஸ்டின்ஸ்?’ என்று கேட்கும்போது இதைக் கேளுங்கள். முக்கியமாகப் பசங்க கேளுங்க. பெண் கேட்டால் ‘இவ சீக்கிரம் கல்யாணம் பண்ணிப் போயிடுவா’ன்னு நினைப்பாங்க. பையன் கேட்டால் ஹெச்.ஆர். கொஞ்சம் முழிப்பார். முழிக்கட்டும்.

ரெண்டாவது, உங்கள் வெற்றிக்கு ஒரு ஸ்பெசிஃபிகேஷன் எழுதுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு, யாருடன் எத்தனை நாள் சாப்பிடணும், எதைத் தவறவிடக் கூடாது என்பதையும் எழுதுங்கள். மாறலாம், தப்பில்லை. எழுதாமல் இருந்தால் மாறினதே தெரியாது.

மூன்றாவது, வீட்டில் கேளுங்கள். லீவு முடிந்து ஹாஸ்டல் வந்த பிறகு அப்பாவுக்கு போன் பண்ணி, அம்மா பிரமோஷன் வேண்டாம் என்றபோது நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அவளே முடிவு பண்ணிட்டா. நான் வேற ஊர் வேலையைக் குறைச்சுக்கலாமான்னு யாரும் என்கிட்ட கேட்கலை. எனக்கும் தோணலை” என்றார். அப்பா கெட்டவர் இல்லை. தோணவில்லை, அவ்வளவுதான். நம்ம தலைமுறையில் தோணணும்.

நான் இப்பவும் அந்தக் கேள்விக்கு எஸ்தான் போடுகிறேன். லோன் இருக்கு, வேலை வேணும். ஆனா அது மூணு வருஷத்துக்கான எஸ் என்று என் டைரியில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தேதி வரும்போது திரும்ப யோசிப்பேன், தனியா இல்லாம, வீட்டுல எல்லாரையும் உட்கார வெச்சு.