நகரியின் ஆங்கில ஆசிரியர் யாரிடம் கேட்பார்?

ஆந்திர எல்லையோரத்து நகரியில், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை கடைத்தெருவில் தெலுங்கு கேட்கும். ஆங்கிலம் பெரும்பாலும் பாடப்புத்தகத்தோடு சரி. தமிழ்வழியில் படிக்கும் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும்போது இடறும் இடங்களில் ஒன்று 'பேக்', 'பென்'. தமிழில் இரண்டின் முதல் ஒலிக்கும் ஒரே பகரம். தெலுங்கிலோ தனித்தனி எழுத்து. அதனால் தெலுங்குவழியில் படித்து வந்த ஆசிரியருக்கு, பிள்ளை ஏன் எழுத்தை மாற்றிப் போடுகிறது என்பது சட்டெனப் பிடிபடாது. கவனக்குறைவு என்று எண்ணித் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார். பக்கத்து வகுப்புத் தமிழாசிரியரிடம் அந்த நோட்டைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இந்த ஐந்து நிமிடத்தை எந்தப் பயிற்சி முகாமும் தருவதில்லை. மேலிருந்து வரும் பயிற்சி எல்லா ஊருக்கும் பொதுவானது. நோட்டில் கிடக்கும் பிழை அந்த ஊருக்கே உரியது.

ஆசிரியர்கள் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே பெரிய சான்று உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து வகுப்பு நடந்தது. முதலில் ஆசிரியரும் மாணவர்களும் ஒரு கணக்கைச் சேர்ந்து பேசித் தீர்ப்பார்கள். பிறகு அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தாங்களே செய்வார்கள். இந்த முறை ஒருவர் மேசையில் உருவானதல்ல. ஆசிரியர்களின் கருத்தரங்கு விவாதங்களில் முளைத்து, சகாக்கள் வகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்லத் திருந்தியது. இத்தகைய செயல்வழி மொழிக் கற்பித்தல் பற்றிய பேச்சில் அந்தச் சோதனை 'பெங்களூர்த் திட்டம்' என்ற பெயரில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

1974இல் கல்வியாளர் எஸ்.நடராஜன் தொடங்கிய இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் சென்னையில் இயங்குகிறது. நகரிக்கு அது எட்டாத தூரமல்ல. ஆனாலும் மாதாமாதம் தேவைப்படுவது கூப்பிடு தூரத்தில் உள்ள கூட்டம். ஆந்திரத்தில் அதற்குப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த 'ஸ்கூல் காம்ப்ளக்ஸ்' இருக்கிறது; தமிழ்நாட்டில் குறுவள மையம். அங்கே சுற்றறிக்கை படிப்பதிலேயே பொழுது போய்விட்டால், வந்த பயன் இல்லை.

இந்த இரு மாநிலங்களின் எல்லை 1960 ஏப்ரலில் திருத்தப்பட்டபோது பக்கத்திலுள்ள திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. கல்வித்துறைகள் இரண்டாயின, தமிழ்ப் பிள்ளைகளின் ஆங்கிலத் தடுமாற்றம் ஒன்றாகவே இருக்கிறது. இரு பக்கத்து ஆசிரியர்களும் ஆளுக்கு நாலு நோட்டோடு ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார வேண்டும் என்பேன். ஒருவர் பிழையைக் காட்ட, மற்றவர் தன் வகுப்பில் எதைச் செய்து பார்த்தார், எது எடுபடவில்லை என்று சொல்லட்டும். அடுத்த மாதம் அதே பிள்ளைகளின் நோட்டை மறுபடி எடுத்து வரட்டும்.